அந்தமான் கடலோரப் பாதைகள்: தூரம் குறைவு, பகற்பொழுது அதனினும் குறைவு

ஸ்ரீ விஜயபுரம்: நவம்பர் மாதக் கடைசி வாரத்தில் மாலை 5 மணிக்குச் சென்னை மெரினா கடற்கரையில் வெயில் இன்னும் மிச்சமிருக்கும். அதே நேரத்தில், அதே இந்தியக் கடிகாரத்தின்படி, அந்தமானில் சூரியன் மறைந்து முடிந்திருக்கும். அடுத்த அரை மணி நேரத்துக்குள் காட்டுக்குள் கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு வந்துவிடும். வங்கக் கடலின் நடுவே உள்ள இந்தத் தீவுகளில் நடக்கவும் ஓடவும் மலையேறவும் செல்வோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான்.

அந்தமான் நிகோபார் தீவுகளின் நிலப்பரப்பு 8,249 சதுர கி.மீ. இதில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி காடு. மலையும் காடும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால், ஒரே பாதையில் மழைக்காடு, சதுப்பு நிலம், பாறைக்கரை, மணற்கரை என நான்கையும் சில மணி நேரத்தில் கடந்துவிடலாம். பெரும்பாலான பாதைகள் குறுகியவை. 2 கி.மீ. நடைதானே என்று செருப்பு அணிந்து கிளம்புவோரை எந்தப் பருவத்திலும் காண முடியும். ஆனால் இங்கு ஒரு பாதையின் கடினத்தை அதன் நீளத்தை வைத்து மதிப்பிடுவது தவறு. எத்தனை மணிக்குப் புறப்படுகிறோம், அப்போது கடல் ஏற்றமா வற்றமா, கடைசியாக மழை எப்போது பெய்தது என்ற மூன்று கேள்விகளே அதைத் தீர்மானிக்கின்றன.

முன்னதாக மறையும் சூரியன்

இந்தியத் திட்ட நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்டது. ஸ்ரீ விஜயபுரம் என 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், ஏறத்தாழ 92.7 பாகையில் அமைந்துள்ளது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் ஆகும். எனவே இங்கு சூரியன் கடிகாரத்தைவிடச் சுமார் 40 நிமிடங்கள் முன்னதாக ஓடுகிறது. சென்னையுடன் ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 50 நிமிடங்கள்.

இதன் விளைவு எளிமையானது. ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5 மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆண்டின் மிக நீண்ட பகலிலும்கூட மாலை 6 மணி வரை சூரியன் தாக்குப்பிடிப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்திப்பொழுதும் நீள்வதில்லை. காலை உணவை நிதானமாக முடித்துவிட்டு 10 மணிக்குக் கிளம்பும் மலைவாசத்தல வழக்கத்தை இங்கு கொண்டுவந்தால், பகலின் பாதியை அறையிலேயே செலவழித்ததாக ஆகிவிடும். வனத்துறையின் நுழைவாயில்களில் பிற்பகலுக்குப் பின் மலையேற அனுமதி மறுக்கப்படுவதைக் கண்டு சினம் கொள்வோர் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டின் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

மணிப்பூர் மலை

தலைநகரின் வடக்கே, துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் சுமார் 380 மீட்டர் உயரத்தில் எழும் மலைக்கு 2021-ஆம் ஆண்டு அக்டோபர் வரை மவுண்ட் ஹேரியட் என்று பெயர். 1860-களில் கைதிகள் குடியேற்றத்தின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி ஹேரியட்டின் பெயர் அது. 1891-ஆம் ஆண்டு ஆங்கில-மணிப்பூர் போருக்குப் பின், மன்னர் குலச்சந்திர சிங் உள்ளிட்ட மணிப்பூர் வீரர்கள் நாடு கடத்தப்பட்டு இம்மலையில் சிறை வைக்கப்பட்டனர். அவர்களின் நினைவாக மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் சூட்டப்படுவதாக மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார்.

இம்மலையைப் பார்த்திராத தமிழர்கள்கூட அதன் காட்சியைக் கையில் வைத்திருந்திருப்பார்கள். 2001 முதல் அச்சிடப்பட்ட செந்நிற 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னை மரங்களுக்கு இடையே தெரியும் கடலும் கலங்கரை விளக்கமும் இம்மலைச் சாலையிலிருந்து தெரியும் நார்த் பே காட்சியே.

சாத்தம் தீவிலிருந்து வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் படகில் பேம்பூ பிளாட் சென்று, அங்கிருந்து மலைச்சாலை வழியாக உச்சியை அடையலாம். தரைவழியே சுற்றிச் சென்றால் சுமார் 55 கி.மீ. ஆகும். எனவே படகே வசதி. உச்சியில் பழைய ஆங்கிலேயர் மாளிகையின் சிதைவுகளும் பூங்காவும் உள்ளன. பிரிட்டிஷ் ஆட்சியில் தலைமை ஆணையரின் கோடைக்கால இருப்பிடமாக இது விளங்கியது.

உச்சியிலிருந்து காட்டுக்குள் தொடங்கும் பாதை சுமார் 2 கி.மீ. தொலைவில் காலா பத்தர் என்ற கரும்பாறைக்கு இட்டுச் செல்கிறது. பெரும்பாலானோர் அங்கிருந்து திரும்பிவிடுகின்றனர். முன் அனுமதி பெற்றவர்கள் தொடர்ந்து இறங்கி, கிழக்குக் கரையில் உள்ள மதுபன் கடற்கரை வரை செல்லலாம். மொத்தம் 16 கி.மீ. எனப் பொதுவாகக் குறிப்பிடப்படும் இந்தப் பாதையே தென் அந்தமானின் முழுநாள் நடை. மரம் இழுக்கும் யானைகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்ட இடம் மதுபன். வழியெங்கும் அந்தமான் படவுக் மரங்கள் பலகை போல விரிந்த வேர்களுடன் நிற்கின்றன. இந்த ஒன்றியப் பகுதியின் அரசு மரம் இது. அந்தமானுக்கே உரிய மரங்கொத்தியும், பாம்புண்ணும் கழுகும் இங்கு காணக் கிடைப்பவை. பறவை ஆர்வலர்கள் விடிவதற்கு முன்பே மலையடிவாரத்தில் காத்திருப்பதன் காரணம் அதுவே.

மவுண்ட் மணிப்பூர் தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 47 சதுர கி.மீ. மட்டுமே. ஆனால் இந்திய வரலாற்றின் ஒரு திருப்பம் இதன் அடிவாரத்தில் நிகழ்ந்தது. அது மாலை வெளிச்சத்தோடு தொடர்புடையது என்பது பலரும் கவனிக்காத செய்தி. 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி அந்தமானுக்கு வந்திருந்த வைஸ்ராய் மேயோ பிரபு, அன்றைய ஆய்வுகளை முடித்த பின் சூரிய மறைவைக் காண இம்மலையில் ஏறினார். காட்சியை ரசித்துவிட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. தீப்பந்த வெளிச்சத்தில் மலையடிவாரத்தின் ஹோப்டவுன் படகுத்துறையை அடைந்தபோது, இருளில் மறைந்திருந்த கைதி ஷேர் அலி அஃப்ரிதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். பதவியில் இருக்கும்போது கொலையுண்ட ஒரே வைஸ்ராய் மேயோ. ஷேர் அலி அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். சூரிய மறைவு வரை மலையில் தங்கினால் இறக்கம் இருட்டில்தான் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் மாறாத நிலவரம்.

சிடியா டாப்பு

தலைநகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தெற்கே, தென் அந்தமானின் முனையில் உள்ளது சிடியா டாப்பு. பறவைத் தீவு என்று பொருள். ஆனால் அது தனித் தீவு அல்ல. இங்குள்ள கடற்கரையிலிருந்து முண்டா பஹாட் என்ற குன்றின் விளிம்பு வரை செல்லும் காட்டுப்பாதை 2 கி.மீ.க்கு மிகாது. ஏற்றமும் மிதமானதே. பள்ளி மாணவர்கள்கூட நடக்கிறார்கள். விளிம்பில் பாறைச் சரிவும் அதன் கீழே அலையும் மட்டுமே உள்ளன.

இக்கடற்கரையில் வேரோடு சாய்ந்து வெளுத்துக் கிடக்கும் பெருமரங்களைப் பலரும் அழகான பின்னணியாகக் கொண்டு படம் எடுத்துக்கொள்கின்றனர். அவற்றின் வரலாறு அத்தனை இனிமையானது அல்ல. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஏற்பட்ட நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வடிந்த பின்னும், தாழ்ந்த நிலத்துக்குள் ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் கடல் நுழைந்தது. தலைநகருக்கு அருகே சிப்பிகாட் பகுதியின் வயல்கள் நிரந்தரமாக உப்புநீரில் மூழ்கின. கரையோர மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. இதற்கு நேர்மாறாக, வடக்கு அந்தமானின் மேற்குக் கரையோரங்கள் மேலெழுந்து, பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. ஒரே நிலநடுக்கம், ஒரே தீவுக்கூட்டத்தின் ஒரு முனையைத் தாழ்த்தி மறுமுனையை உயர்த்தியது. 2004-க்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களில் கடற்கரையோரமாக நடந்து செல்லலாம் எனக் குறிப்பிடப்பட்ட இடங்களை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சிடியா டாப்பு சூரிய மறைவுக்குப் பெயர் பெற்றது. முண்டா பஹாட் விளிம்பில் நின்று அதைக் காண வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் எழும். மேலே சொன்ன கணக்கின்படி, அங்கிருந்து திரும்பும் 40 நிமிட நடையின் பெரும்பகுதி இருட்டில்தான். கடற்கரையிலேயே அமர்ந்து மறைவைக் காண்பதே அறிவுடைமை. விளிம்புக்குக் காலையில் செல்லலாம். வெயிலும் குறைவு, கூட்டமும் இல்லை.

எலிஃபண்ட் கடற்கரைப் பாதை

ஹேவ்லாக் என்று அறியப்பட்டு, 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடியால் சுவராஜ் தீவு எனப் பெயர் சூட்டப்பட்ட தீவில் உள்ளது இந்தப் பாதை. ராதாநகர் கடற்கரைக்குச் செல்லும் சாலையில் பிரிந்து, காட்டுக்குள் இறங்கி, சுமார் 2 கி.மீ. தொலைவில் கடலை அடைகிறது. படகுத்துறையிலிருந்து விசைப்படகில் சென்றால் ஏறத்தாழ 20 நிமிடங்கள்.

பாதையின் முதற்பகுதி நிழலான காடு. களிமண் தரை. மழை பெய்திருந்தால் வேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். கடைசிப் பகுதி அலையாத்திச் சதுப்பு. கடல் ஏறும் நேரத்தில் இங்கு நீர் நிற்கும். வற்றத்தில் காலணி நனையாமல் சென்றவர், சில மணி நேரம் கடலில் விளையாடிவிட்டுத் திரும்பும்போது வந்த வழி நீருக்குள் இருப்பதைக் கண்டு திகைக்க நேரிடலாம். இங்கு கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடங்கள் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற வற்ற வேறுபாடு சுமார் 2 மீட்டர் வரை செல்லும். எனவே நேற்று சென்று வந்த நண்பர் சொன்ன நேரம் இன்றைக்கு உதவும். அடுத்த வாரத்துக்கு உதவாது. மழைக்காலத்தில் பாதை மூடப்படுவது வழக்கம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் செல்வது உசிதமல்ல.

ஏற்ற வற்றத்தை நம்பி நடக்க வேண்டிய மற்றோர் இடம், நீல் தீவு என்றிருந்து ஷாஹீத் தீவு ஆன தீவின் இயற்கைப் பாறை வளைவு. லட்சுமண்பூர் கடற்கரையில் வற்றத்தின்போது மட்டுமே பாறைத் திட்டுகள் வழியாக அதனடியில் செல்ல முடியும். அத்திட்டுகளில் உயிருள்ள பவளங்களும் கடல் வெள்ளரிகளும் உள்ளன. மிதித்தால் அவை மடியும். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பாதுகாக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கிய இறந்த பவளத் துண்டை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையச் சோதனையில் சிக்குவோர் இன்றும் உள்ளனர்.

சாடில் சிகரம்

தீவுக்கூட்டத்தின் மிக உயரமான இடம் வடக்கு அந்தமானில் திக்லிபூருக்கு அருகே உள்ள சாடில் சிகரம். உயரம் 732 மீட்டர். பெருநிலத்தின் மலையேறிகள் இந்த எண்ணைக் கேட்டுப் புன்னகைப்பது உண்டு. உதகமண்டலம் இதைப்போல் மூன்று மடங்கு உயரத்தில் இருக்கிறது. ஆனால் உதகையில் யாரும் கடல் மட்டத்திலிருந்து நடக்கத் தொடங்குவதில்லை. இங்கு முதல் அடியே கடற்கரையில்தான்.

லமியா விரிகுடாவில் வனத்துறைச் சாவடியில் பெயரைப் பதிந்து, கட்டணம் செலுத்தி, வழிகாட்டியுடன் அதிகாலையில் புறப்பட வேண்டும். ஒரு வழித் தொலைவு சுமார் 8 கி.மீ. முதற்பகுதி கூழாங்கற்களும் பாறைகளும் நிறைந்த கடலோரமாகவும் அதை ஒட்டிய காட்டுக்குள்ளும் செல்கிறது. அதன் பிறகே ஏற்றம் தொடங்குகிறது. அடர்ந்த மழைக்காட்டின் ஊடாகச் செல்லும் அந்த ஏற்றம் நெடுநேரம் எந்தக் காட்சியையும் தருவதில்லை. காற்றும் புகாத காட்டுக்குள் ஈரம் உடலில் அப்பிக்கொள்ளும். மேலே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகி, பாசி படர்ந்த கிளைகள் தென்படும். மேகம் இல்லாத நாளாக இருந்தால் உச்சியில் கடல் தெரியும். இல்லாவிட்டால் வெறும் வெண்மை. வடக்கு அந்தமானின் கல்போங் ஆறு இம்மலையில்தான் பிறக்கிறது.

ஏறி இறங்க முழுப் பகலும் வேண்டும். குறித்த நேரத்துக்குள் உச்சியை அடையாவிட்டால் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இதில் பேரம் பேசுவதில் பயன் இல்லை. இறங்கி வந்த பிறகும் கடலோரப் பாறைகள் மிச்சமிருக்கும். களைத்த கால்களுடன் மங்கிய வெளிச்சத்தில் ஏற்றக் கடலோரம் அவற்றைக் கடப்பதே இந்தப் பாதையின் மிக ஆபத்தான பகுதி.

அருகிலுள்ள காலிப்பூர் கடற்கரை, கடலாமைகள் முட்டையிட வரும் இடம். குளிர்கால மாதங்களில் இரவில் கடற்கரையில் விளக்குடன் உலவக் கூடாது. வெளிச்சம் ஆமைகளையும் குஞ்சுகளையும் திசை தடுமாறச் செய்யும்.

ஓடுவோருக்கு

தலைநகரில் ஓடுவோர் விரும்பும் பாதை, மெரினா பூங்காவை ஒட்டிய கரையிலிருந்து கார்பின்ஸ் கோவ் கடற்கரை வரை செல்லும் கடலோரச் சாலை. தூரம் ஒரு வழியாகச் சுமார் 6 முதல் 7 கி.மீ. ஒருபுறம் கடல், மறுபுறம் குன்று. 1942 முதல் 1945 வரை தீவுகளைக் கைப்பற்றியிருந்த ஜப்பானியர் கட்டிய காங்கிரீட் பதுங்குகுழிகள் இன்றும் சாலையோரம் காணப்படுகின்றன. அதிகாலை 5 மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுவதால் வாகனங்கள் பெருகும் முன் ஓடி முடித்துவிடலாம். நகரின் உட்சாலைகள் ஏற்ற இறக்கங்கள் மிகுந்தவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கடலோரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஷாஹீத் தீவு அநேகமாகச் சமதளம். காய்கறித் தோட்டங்களுக்கு இடையே செல்லும் அதன் குறுகிய சாலைகள் நிதான ஓட்டத்துக்கு ஏற்றவை.

மணலில் ஓட விரும்புவோருக்கு ராதாநகர் கடற்கரை உண்டு. வற்றத்தின்போது நீர் விலகிய ஈர மணல் கெட்டியாக இருக்கும். ஆனால் கடற்கரை ஒருபுறம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாக விழும். அதே தூரத்தைத் திரும்பி ஓடினால் சரிவு மறுகாலுக்கு மாறிச் சமன்படும். முதல் நாளே வெறுங்காலுடன் நெடுந்தூரம் ஓடுவது கணுக்காலையும் பின்தசையையும் பாதிக்கும்.

வெப்பநிலை பெரும்பாலும் 23 முதல் 31 பாகை செல்சியஸ். சென்னைக் கோடையைக் கண்டவர்களுக்கு இது அச்சம் தராத எண். ஆனால் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை. உடல் குளிர்வதும் இல்லை. வழக்கமான வேகத்தைக் குறைத்துக்கொள்வதும், உப்பு கலந்த நீரை உடன் எடுத்துச் செல்வதும் அவசியம். தலைச்சுற்றல், குமட்டல், குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றினால் ஓட்டத்தை நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடலை நனைத்து விசிற வேண்டும்.

முதலையும் பிற ஆபத்துகளும்

புலி, சிறுத்தை, கரடி எவையும் இங்கு இல்லை. அந்த நிம்மதியை உவர்நீர் முதலை கெடுக்கிறது. அலையாத்திக் கழிகளிலும் கழிமுகங்களிலும் வாழும் இது கடல் வழியாக ஒரு கடற்கரையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக்கூடியது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் இன்றைய சுவராஜ் தீவில், ராதாநகரை ஒட்டிய பகுதியில் கடலில் நீந்திய அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். அதன் பிறகு எச்சரிக்கைப் பலகைகளும், சில கடற்கரைகளில் நீந்துவோருக்கான வலைத் தடுப்புகளும் வந்தன. முதலை பெரும்பாலும் இரவிலும் விடியற்பொழுதிலும் அந்தியிலும் இரை தேடுகிறது. ஓடுவதற்கு இதமான வேளையும் அதுதான் என்பது சங்கடமான பொருத்தம். கழி கடலில் சேரும் இடங்களில் நீரோரமாக ஓடாமல் சாலையைப் பயன்படுத்துவதும், ஓட்டம் முடிந்ததும் வியர்வையோடு அப்படியே கடலில் இறங்காமல் இருப்பதும் போதுமான எச்சரிக்கை.

அந்தமானில் அதிகம் பேசப்படாத மற்றோர் ஆபத்து எலிக்காய்ச்சல். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் உள்ள கிருமி, காலில் உள்ள சிறு காயம் வழியாக உடலுக்குள் நுழையும். 1920-களின் இறுதியிலேயே இந்தத் தீவுகளில் இந்நோய் ஆராயப்பட்டுள்ளது. சேற்றுப் பாதையில் நடந்து திரும்பிய பின் காலைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், அந்தமானில் சேற்றில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சலுக்கும் பயணத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை.

ராஜநாகம், அந்தமான் நாகம், அந்தமான் கட்டுவிரியன் ஆகியவை இக்காடுகளில் உள்ளன. இந்தியாவில் தயாரிக்கப்படும் பாம்புக்கடி நச்சுமுறி மருந்து, பெருநிலத்தின் நான்கு முக்கிய நச்சுப் பாம்புகளை அடிப்படையாகக் கொண்டது. அந்தமானின் சொந்த இனங்கள் அவற்றில் இல்லை. கடிபடாமல் பார்த்துக்கொள்வதே முதல் மருத்துவம். முழங்கால் வரை மூடிய உடை, கணுக்காலை மறைக்கும் காலணி, காலடியைப் பார்த்து நடத்தல் ஆகியவற்றுக்கு மாற்று இல்லை. அட்டைகளும், கடற்கரை மணல் ஈக்களும் தொல்லை தரும். ஆபத்து தருவது அரிது.

உயர் சிகிச்சைக்கான ஜி.பி. பந்த் மருத்துவமனை தலைநகரில் உள்ளது. திக்லிபூரிலிருந்து சாலை வழியே அது ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவு. சென்னையிலிருந்து கடலடியில் வந்த சுமார் 2,300 கி.மீ. கண்ணாடியிழை வடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட பின், ஊர்களில் இணைய வேகம் பெரிதும் உயர்ந்துள்ளது. காட்டுக்குள் அது உதவாது. எந்தப் பாதையில் செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வதே நம்பத்தக்க தொடர்பு முறை.

செல்லக் கூடாத காடு

தலைநகரிலிருந்து வடக்கே செல்லும் அந்தமான் பெருஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடாகச் செல்கிறது. காப்புக்காட்டுக்குள் இச்சாலையை மூட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் போக்குவரத்து தொடர்கிறது. குறித்த நேரங்களில் பாதுகாப்புடன் அணிவகுப்பாக மட்டுமே வாகனங்கள் அனுமதிக்கப்படுகின்றன. நிறுத்துவதும், இறங்குவதும், படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இதற்கு அடிப்படை. வெளியுலகத் தொடர்பால் பரவும் சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட எதிர்ப்புச் சக்தி இல்லாத இம்மக்களுக்கு உயிராபத்து ஆகலாம். காட்டில் தெரியும் ஒற்றையடித் தடம் ஒவ்வொன்றும் சுற்றுலாப் பயணிக்கானது அல்ல. அனுமதிக்கப்பட்ட பாதையைவிட்டு விலகி நடப்பது, இங்கு ஒருவர் வாழும் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவதற்குச் சமம். இச்சாலையைத் தவிர்க்க விரும்புவோர் திக்லிபூருக்குக் கப்பலில் செல்லலாம்.

எப்போது செல்லலாம்

இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை முதலில் தொடும் நிலம் அந்தமான் நிகோபார். மே மாத நடுவிலேயே மழை தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமும் அடுத்து வருவதால், ஆண்டு மழைப்பொழிவு சுமார் 3,000 மி.மீ. அளவுக்குச் செல்கிறது. மழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான மாதங்களே நடைக்கும் மலையேற்றத்துக்கும் உகந்தவை. டிசம்பரிலும் செல்லலாம். ஆனால் விடுமுறைக் கூட்டமும், ஆண்டின் மிகக் குறுகிய மாலைகளும் ஒன்றுசேரும் மாதம் அது. வங்கக் கடலில் புயல் உருவாகும் காலங்களில் தீவுகளுக்கு இடையேயான கப்பல்கள் நாள் கணக்கில் நிறுத்தப்படுவது உண்டு. திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை வெளித்தீவில் கழிக்கத் திட்டமிடக் கூடாது.

தமிழ்ப் பயணிகளுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். படகுத்துறையிலும் தேநீர்க் கடையிலும் தமிழ் காதில் விழும். கடல் இன்று எத்தனை மணிக்கு ஏறும், சதுப்பில் சேறு எவ்வளவு என்பதை அங்கேயே தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கைப்பேசிச் செயலி காட்டும் நேரத்தைவிட மீனவர் சொல்லும் நேரம் பெரும்பாலும் துல்லியமாக இருக்கிறது.